சூனியக்காரர் வேட்டை: போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் நாட்டில் என்ன செய்தார்கள்?

உப்புவெளி வாசகர்:
உயர்தரத்தில் ஐரோப்பிய வரலாறு படிக்கும் என் மகளின் குறிப்பேட்டில், சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பெண்களை எரித்தது மத்திய கால வழக்கம் என்றும், அதைச் செய்தது, மதக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரிக்கும் திருச்சபை நீதிமன்றமான கத்தோலிக்க மதவிசாரணைச் சபை என்றும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதே பக்கத்தில், அவ்விசாரணைகள் உச்சத்தை அடைந்தது 1560க்கும் 1650க்கும் இடையில் என்றும் உள்ளது. அது போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டி, 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றிய காலம். அவ்வாறாயின், நம் துறைமுகத்துக்கு வந்த இவ்விரு சாராரும் அதே வேளையில் தம் ஊர்களில் சூனியக்காரரை எரித்துக்கொண்டிருந்தார்களா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தம்பலகாமத்து ஆசிரியர்:
ஐயா, ஆண்டுகள் சரி. மத்திய காலம் என்பது பிழை. கொல்லப்பட்டோர் தொகை 40,000க்கும் 60,000க்கும் இடைப்பட்டது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் மதிப்பீடு. இணையத்தில் உலவும் இலட்சக்கணக்குகளுக்கு ஆதாரமில்லை. இறந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்றைய ஜேர்மனியை உள்ளடக்கிய புனித உரோமப் பேரரசைச் சேர்ந்தவர்கள். முக்கால் பங்கினர் பெண்கள்; ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் பெரும்பாலும் ஆண்களே தண்டிக்கப்பட்டனர்.

அயலவர் வைத்த செய்வினையால் மாடு செத்தது, பிள்ளை நோயில் விழுந்தது என்ற நம்பிக்கை அங்குள்ள கிராமங்களில் நெடுங்காலமாகவே இருந்தது. கழிப்புக் கழிப்பவர்களை அறிந்த நமக்கு அது புதிதன்று. அந்த அயற்சண்டையைப் பெருங்கொலையாக மாற்றியவர்கள் படித்தவர்களே என்பது என் துணிபு. சூனியக்காரர் சாத்தானுடன் உடன்படிக்கை செய்து, இரவில் ஒன்றுகூடி அவனை வழிபடுகின்றனர் என்ற கருத்து 15ஆம் நூற்றாண்டில் உருவாகியது. கூட்டம் உண்டென்றால் அங்கே வேறு யாரைக் கண்டாய் என்ற கேள்வியும் எழும். சித்திரவதையில் ஒருத்தி சொன்ன பெயர்களுக்கு உரியவர்கள் பிடிபட்டு, அவர்களும் வேறு பெயர்களைச் சொல்ல, ஒரு வழக்கு நூறாகப் பெருகியது. 1532இல் வெளிவந்த பேரரசின் குற்றவியற் சட்டம், போதிய சான்றின்றிச் சித்திரவதை கூடாதென்று விதித்திருந்தும், இது விதிவிலக்கான குற்றம் என்று சொல்லிச் சிற்றரசுகளின் நீதிமன்றங்கள் அதைப் புறக்கணித்தன. 1626 மே மாதத்தில் கடும் உறைபனி விழுந்து திராட்சைக் கொடிகள் கருகியபோது, ஜேர்மன் ஆட்சிப்பகுதிகளான வூர்ட்ஸ்பேர்க், பாம்பேர்க் மக்கள் பழியைச் சூனியக்காரர் மீது போட்டனர். அடுத்த ஐந்து ஆண்டுகளில் வூர்ட்ஸ்பேர்க் ஆட்சிப்பகுதியில் மட்டும் ஏறத்தாழ 900 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

மாறாக, மேல்நீதிமன்றம் கீழ்நீதிமன்றத்தை மறித்த இடங்களில் சாவு குறைந்தது. பாரிஸ் உயர்நீதிமன்றம் அவ்வாறே செய்தது. ஸ்பானிய மதவிசாரணைச் சபை 1610இல் லொக்ரோஞோவில் ஆறு பேரை உயிருடன் எரித்தது உண்மை. எனினும் அதன் பின்னர் அதே சபையின் விசாரணையாளர் அலொன்சோ டி சலசார் பிரியாஸ் ஊரூராகச் சென்று சுமார் 1,800 பேரின் வாக்குமூலங்களைச் சோதித்து, எதற்கும் சான்றில்லை என்று அறிக்கையிட்டார். 1614இல் சபை விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின் அதன் நீதிமன்றங்களில் இத்தகைய மரண தண்டனைகள் பெரும்பாலும் நின்றுபோயின.

உவர்மலைவாசி:
ஆசிரியர் திருச்சபையைச் சற்று எளிதாக விட்டுவிடுகிறார். சூனியக்காரரை ஒறுக்க 1484இல் ஆணை வழங்கியவர் பாப்பரசர் எட்டாம் இன்னசென்ட். 1486இல் ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ என்ற நூலை எழுதிய ஹைன்ரிக் கிராமர் டொமினிக்கன் துறவி. வூர்ட்ஸ்பேர்க்கையும் பாம்பேர்க்கையும் ஆண்டவர்கள் ஆயர்களே அல்லவா? பாம்பேர்க் நகரத் தலைவர்களுள் ஒருவரான யொகான்னஸ் யூனியஸ், 1628இல் நசுக்கப்பட்ட கைகளால் மகளுக்கு எழுதிய இரகசியக் கடிதம் இன்றும் உள்ளது. தான் ஒப்புக்கொண்டதெல்லாம் வலியால் புனைந்தவை என்று அதில் எழுதியிருக்கிறார். அதே வேளையில், இவ்வாறு சித்திரவதை செய்து விசாரிக்கும் முறையை 1631இல் நூலெழுதிக் கண்டித்த பிரீட்ரிக் ஸ்பேயும் இயேசு சபைக் குருவே என்பதை மறைக்க விரும்பவில்லை. புரட்டஸ்தாந்து ஸ்கொட்லாந்திலும் கொலைகள் ஏராளம்.

கிண்ணியா வாசகர்:
கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. போர்த்துக்கலில் மதவிசாரணைச் சபை சூனியத்துக்காகக் கொன்றவர்கள் மிகச் சிலர். அதன் முதன்மை இலக்கு, மதம் மாறிய யூதரின் வழிவந்தோர்; 1560இல் கோவாவில் அமைந்த கிளை, ஞானஸ்நானம் பெற்ற பின்னும் இந்துச் சடங்குகளைக் கைவிடாதவர்களையும் துரத்தியது.

ஒல்லாந்து, சூனியக்காரர் வேட்டையை நிறுத்துவதில் ஐரோப்பாவிலேயே முந்திக்கொண்ட நாடுகளுள் ஒன்று. சந்தேகத்துக்குரியவரைக் கட்டி நீரில் போட்டு, மிதந்தால் குற்றவாளி என்று முடிவுசெய்யும் சோதனை செல்லாதென 1594இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கருத்துரைத்தனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துடன் அங்கே மரண தண்டனைகளும் முடிவுற்றன. சூனியக்காரிக்கு எடையில்லை என்று நம்பப்பட்டதால், ஜேர்மன் பகுதிகளிலிருந்தும் மக்கள் அவுடவாட்டர் என்ற சிற்றூருக்குச் சென்று, தராசில் ஏறி, இயல்பான எடை உண்டெனச் சான்றிதழ் பெற்றுத் திரும்பினர்.

ஆகவே 1639இல் இங்கு வந்திறங்கிய ஒல்லாந்தரின் நாட்டில் ஒரு தலைமுறையாக எவரும் எரிக்கப்படவில்லை. ஆயினும் ஒல்லாந்தக் கம்பனியின் சிப்பாய்களில் பெருந்தொகையினர் ஜேர்மன் நாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் என்பதையும் உங்கள் மகள் குறித்துக்கொள்ளலாம்.