தரங்கம்பாடிக்கு ஒரு மாலையும் ஒரு விடியலும்

அன்புடையீர், வணக்கம்.

திருக்கடையூரில் பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் நடத்த இந்த விடுமுறையில் ஊருக்கு வரவிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தி முடிந்த கையோடு வண்டியைத் தரங்கம்பாடிக்கு விட்டு, கோட்டை முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடும் நம் வழக்கத்தை இம்முறையாவது கைவிடுங்கள். அப்படி உச்சி வெயிலில் அழைத்துச் செல்லப்பட்ட என் பேரனுக்கு, மணலில் கால் சுட்டதைத் தவிர வேறெதுவும் இன்று நினைவில் இல்லை.

ஓர் இரவு தங்கும்படி வெயில் தாழ்ந்த பிறகு வந்து, 1792இல் கட்டிய நகர வாயிலிலேயே இறங்கி, கிங்ஸ் தெரு வழியாகக் கடலை நோக்கி நடந்து வாருங்கள். வழியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு கட்டியது. மறு ஆண்டே முப்பத்தாறு வயதில் இறந்த அவரை அதற்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் வெளிவந்தது. அச்சுக்குத் தேவையான காகிதம் செய்த இடம், பக்கத்து ஊரான பொறையாற்றுப் பக்கம் இன்றும் ‘கடுதாசிப்பட்டறை’ என்ற பெயரிலேயே வழங்குகிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், ஆலயத்தைவிட அதைத்தான் கவனமாகக் கேட்பார்கள்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620இல் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. உள்ளே உள்ள அருங்காட்சியகத்தில் பீங்கான், வாள், ஈட்டி எல்லாம் உண்டு என்றாலும், சிறுவர்களை நிறுத்தி வைப்பது திமிங்கல எலும்புதான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தரங்கம்பாடியில் கடைகள் குறைவு. கடலோர விடுதியில் தங்குவோர் அங்கேயே முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம். மற்றவர்கள் பொறையாற்றுக் கடைத்தெருவுக்குப் போவதே நல்லது, வேட்டி துண்டு முதல் பழம் பூ வரை விசேஷத்துக்கு விட்டுப்போன சாமான்களும் அங்கே கிடைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், மே மாதத்தில் வருபவர்கள் வஞ்சிரம் வறுவலை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சிறு படகுகளில் வரும் சங்கராவும் நெத்திலியும் குழம்புக்குப் போதும்.

இரவு தங்கச் சொல்வது மாசிலாமணிநாதர் கோயிலுக்காகத்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த இக்கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். ‘சடங்கன்பாடி’ என்று ஊரின் பழம்பெயரைச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் உள்ளது. விடியலில் அந்தக் கற்களின் அருகில் நின்றால், சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழுவதையும், உப்புக்காற்று அரித்த சுவரில் அந்த வெளிச்சம் ஏறுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கற்களில் பாசி வழுக்கும். பெரியவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.