கஜகி அணையின் மூன்றாவது டர்பைன் தாமதமானது ஏன்?

கேள்வி: ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் ஆற்றின் கஜகி அணைக்கு 2008இல் பிரிட்டிஷ் படையினர் கொண்டுசேர்த்த டர்பைன், 2016 வரை இயங்காமல் கிடந்தது ஏன்?

பதில் 1: ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட அந்த இயந்திரத்துடன் காந்தகாரிலிருந்து ஏறத்தாழ நூறு வாகனங்கள் ஐந்து நாள் பயணம் செய்தன. ஆனால், அதைப் பொருத்துவதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான டன் சிமெண்ட்டைத் தாலிபான் தாக்குதல்கள் நிறைந்த சாலையில் தொடர்ந்து ஏற்றிவர முடியவில்லை. சிமெண்ட்டைப் பற்றி முன்பே யோசித்திருக்க வேண்டாமா என்பதே என் ஆதங்கம்.

பதில் 2: பாசனத்துக்காக 1953இல் கட்டப்பட்ட அணை அது, 1975இல்தான் தலா 16.5 மெகாவாட் திறனுடைய இரண்டு டர்பைன்கள் வந்தன. மின்கம்பிகள் தாலிபான் வசமிருந்த ஊர்கள் வழியாகவும் சென்றதால், அங்கே மின்கட்டணத்தை அவர்களே வசூலித்தனர் என்பது விந்தை.

கேட்டவர்: அப்படியானால், அணையைத் தகர்க்காமல் விட்டதற்கு அந்த வருமானமும் ஒரு காரணமாக இருக்கலாம். நன்றி.