பதில்: ஆர்கானிக் ரீச் – ‘இயற்கை எட்டுகை’ ஒத்துவராது

அன்பர்களுக்கு,

ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று காட்டும் ‘ரீச்’ என்பதற்குத் தமிழில் ‘எட்டுகை’ என்று நம் குழுவில் போன வாரம் முடிவு செய்தோம். அதில் எனக்கு வழக்கில்லை. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தாலும் எட்டுகை ஒன்றுதான். மூன்று என்று எண்ணுவது இம்ப்ரெஷன், அதற்குக் ‘காட்சி’ போதும். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. காசு கட்டாமல் தானாக எட்டுவதை ‘இயற்கை எட்டுகை’ என்றும், காசு கட்டி எட்டுவதைக் ‘கட்டண எட்டுகை’ என்றும் பிரிக்கலாம் என்று திசையன்விளை அண்ணாச்சி எழுதியிருந்தார்.

‘இயற்கை’ என்ற சொல்லைக் கடைக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உடன்குடிக் கருப்பட்டி விற்கிறவர் தன் பக்கத்தில் ‘இயற்கை எட்டுகை 640’ என்று பார்த்தால், 640 பேர் ரசாயனம் இல்லாத கருப்பட்டி கேட்டதாகத்தான் நினைப்பார். (வேதியியல் பாடத்தில் ஆர்கானிக்குக் ‘கரிம’ என்று வருவதைப் பிடித்துக்கொண்டு ‘கரிம எட்டுகை’ என்று இன்னொருவர் சொன்னதை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.)

என் மதினி பத்தமடைப் பாய் விற்கிறார். அவருடைய பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நான். ஊறவைத்த கோரையைக் கத்தியால் கீறுவதும், பாயில் மணமக்கள் பெயர் எழுத்தெழுத்தாக விழுவதுமாக ஒரு நிமிட வீடியோ போட்டோம். காசு எதுவும் கட்டவில்லை. 640 பேரை எட்டியது, ஐந்து ஆர்டர் வந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த மாதம் 400 ரூபாய் கட்டி இன்னொன்றை பூஸ்ட் செய்தேன். எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று குறிக்காமல் விட்டது என் தப்பு. 9,000 பேருக்கு மேல் எட்டியது. ஒருவர் யோகா பாய் உண்டா என்று இந்தியில் கேட்டார். விற்றது ஒரே ஒரு பாய்.

இந்தக் கணக்கை மதினிக்கு எப்படி விளக்குவது? அவர் பிறந்த ஊர் சேரன்மகாதேவி, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். “மதினி, மொதல்ல போட்டது மடையில பாஞ்ச தண்ணி. ரெண்டாவது கெணத்துல இறைச்ச தண்ணி” என்றேன். “இறைச்சா டீசலுக்குக் காசு வேணும்லா” என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஆர்கானிக் ரீச் – பாய்ச்சல்; பெய்டு ரீச் – இறவை. ஆற்றுப் பாய்ச்சல், இறவைப் பாசனம் எல்லாம் வழக்கில் உள்ளவைதான், நாம் புதிதாக எதையும் கட்டவில்லை. ‘காசை இறைக்கிறான்’ என்பதும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இறைப்பதை நிறுத்தினால் தண்ணீர் நின்றுவிடும், விளம்பரமும் அப்படித்தான். பாய்ச்சலுக்குச் செலவில்லை, ஆனால் மடை நம் கையில் இல்லை. நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தபோது கடைப் பக்கங்களுக்கு மடையைக் குறுக்கிவிட்டார்கள். ‘இயற்கை’ என்று சொன்னால் இந்த மடைக்காரர் இருப்பதே தெரியாது.

ஒரே செய்தியைப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் இதில் எங்கே சேரும் என்று கேட்பீர்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அது குடத்தில் மொண்டு ஊற்றுவது. அதற்குத் தனி இழை போடலாம்.

– பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பி,

‘இயற்கை’யை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் உங்கள் சொல் ஆற்றங்கரைக்காரர் சொல். எங்கள் பக்கம் கிணறுதான். இறைத்த தண்ணீரும் வாய்க்காலில் பாயத்தானே செய்யும்? ‘பாய்ச்சல்’ இரண்டுக்கும் பொது. போதாததற்குப் பத்திரிகைக்காரர்கள் பங்குச்சந்தையைத் தினமும் பாய வைக்கிறார்கள். ‘மடைப்பாய்ச்சல்’ என்றால் எனக்குச் சம்மதம், அதில் கிணறு நுழைய முடியாது.

இறவை நல்ல சொல்தான். என் மகனிடம் கேட்டேன், தெரியவில்லை. மோட்டார் என்றால் தெரியும் என்கிறான்.

பூஸ்ட் பொத்தானுக்கு ‘இறை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கோயில் உண்டியல் என்று நினைத்து அமுக்கிவிடுவார்கள்.

– திசையன்விளை

*

அண்ணாச்சி,

மடைப்பாய்ச்சலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பொத்தானில் ‘இறைக்க’ என்று இருக்கட்டும், சாமி குழப்பம் வராது. இறவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது சரி, ஆனால் ஒரு தடவை சொன்னால் விளங்கிவிடும். ‘ஆர்கானிக்’கை மதினிக்கு நான் நாலு தடவை சொன்னேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் முகூர்த்தம் நிறைய வருகிறது என்று நேற்று மதினி போன் செய்தார். “இந்த வாரம் மோட்டாரு போடவா, வேண்டாமா?” என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்த இறவை அவர் வாயில் வரவில்லை. பெய்டு ரீச்சுக்கு எதிரே ‘மோட்டார்’ என்பதையும் பேச்சுவழக்கு என்று குறித்து வைத்திருக்கிறேன்.