வகுப்புத் தோழர்களின் செய்திகளைத் திரட்ட யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் எம்.பி.ஏ. வகுப்பின் செய்தி மடலைத் தொகுக்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. யார் எங்கே வேலை செய்கிறார், குடும்பம் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஆளுக்கு நாலு வரி போதும். ஆனால் பதவி உயர்வு கிடைத்தவர்கள்தான் உடனே எழுதுகிறார்கள். வேலை போனவர்கள், தொழில் நொடித்தவர்கள், மணமுறிவு ஆனவர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்கள் வாயே திறப்பதில்லை. தொகுத்துப் பார்த்தால் வகுப்பில் எல்லோருமே இயக்குநர்கள் போலத் தெரிகிறது! அதைப் படித்தால் ஒதுங்கி இருப்பவர்கள் இன்னும் ஒதுங்கத்தான் செய்வார்கள்.

பதவி விவரம் லிங்க்ட்இன்னிலேயே கிடைக்கும், அதற்கு மடல் எதற்கு? கேள்வியையே மாற்றி, 'இப்போது உங்கள் நாள் எப்படிப் போகிறது?' என்று கேட்டால் பதில் வருமா? கூகுள் படிவம் அனுப்புவதா, ஒவ்வொருவருக்கும் போன் போடுவதா?

அப்புறம், தோழர் ஒருவர் இறந்துவிட்டார். அவரைப் பற்றி எழுத அவர் மனைவியிடம் எப்படிக் கேட்பது? பிள்ளைகளின் பெயர், படம் போடத் தனியாக அனுமதி வாங்குகிறீர்களா? இதைச் செய்து பழகியவர்கள் நீங்கள் அனுப்பிய கேள்விகளை அப்படியே இங்கே போட்டால் பெரிய உதவி.