"சேவை மனப்பான்மை" என்று சொல்லித்தான் சேர்ந்தோம்

இரவுப்பணி:

நர்சிங் படிப்புக்கான நேர்காணலில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டார்கள். "சேவை மனப்பான்மை" என்றேன். எனக்கு முன்னால் உள்ளே போனவளும் அதைத்தான் சொன்னாள். எனக்குப் பின்னால் போனவளும் அதையே சொன்னாள். கேட்டவர்கள் முகத்தில் சலனமே இல்லை. 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போதாவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அப்போது எனக்கு 16 வயது. பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. வியர்வையால் வந்தது என்று நினைத்துப் பவுடர் போட்டோம். இரத்தம் ஓடட்டும் என்று தேய்த்தும் விட்டோம். இரண்டுமே தவறு. தொட்டாலே பாட்டி அலறுவார். அதற்குப் பயந்து அவரை அசைக்காமலே விட்டுவிட்டோமே, அது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் சிரிக்கத் தெரியாதவர். பாட்டியிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. சிவந்த இடத்தில் விரலை அழுத்தி எடுத்தார். "பார், அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். இது வெளுக்கவே இல்லை. உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது" என்றார். என்னைக் கட்டிலின் எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார். மடித்த விரிப்பு ஒன்றைப் பாட்டிக்கு அடியில் செருகி, ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்து, இழுக்காமல் தூக்கினோம். இழுத்தால் தோல் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் நகரும் என்றார். முழுதாக ஒருக்களித்துப் படுக்கவிடாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நிறுத்தினார். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. குதிகால் அந்தரத்தில் நின்றது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை.

பாட்டி அலறவில்லை. மூன்று வாரமாக நாங்கள் தொட்டபோதெல்லாம் துடித்த உடம்பு, அந்தக் கைகளுக்குள் சும்மா கிடந்தது.

எனக்கும் அந்தக் கைகள் வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் காரணம். இரக்கம் எங்கள் வீட்டில் ஏராளமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு புண்ணைத்தான் வளர்த்தோம்.

பிறகு கல்லூரியில் பிரேடன் அளவுகோலைப் படித்தேன். படுக்கைப்புண் வரும் அபாயத்தைக் கணக்கிடுவதற்காக 1987-இல் வெளியானது. வலியை உணரும் திறன், ஈரம், நடமாட்டம், தானாக அசையும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு தலைப்புகள். மதிப்பெண் குறையக் குறைய அபாயம் அதிகம். ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டிக்கு மார்க் போட்டுப் பார்த்தேன். 23-க்கு 11.

உங்கள் காரணம் என்ன? "சேவை" என்ற சொல் இல்லாமல் சொன்னால் மகிழ்ச்சி.

பிரதர்:

அக்கா, நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறேன்.

அண்ணனுக்கு பைக் விபத்தில் தலையில் அடி. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் இருந்தேன். மணிக்கு ஒருமுறை ஒரு செவிலியர் வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், விரல் நகத்தை அழுத்துவார், இமையைத் தூக்கி ஒவ்வொரு கண்ணிலும் டார்ச் அடிப்பார், தாளில் ஏதோ எண் எழுதுவார். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் என்ன எண் என்று கேட்டுவிட்டேன். சலிக்காமல் சொன்னார். கிளாஸ்கோ கோமா அளவுகோலாம், 1974-இலிருந்து இருக்கிறதாம். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு. எழுதாமலே மூன்று மார்க் தரும் பரீட்சை என்று இப்போது மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு முழுக்க 11, 11, 11 என்றே போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு 9. டார்ச்சை மறுபடி வலது கண்ணில் அடித்துப் பார்த்தார், இடது கண்ணில் அடித்தார், மறுபடி வலது. கண்மணி மெதுவாகத்தான் சுருங்கியது. அவர் ஓடவில்லை, கத்தவில்லை. தொலைபேசியில் நான்கு வரிதான் பேசினார். ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். விடிவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்து, மூளையை அழுத்திக்கொண்டிருந்த இரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

டாக்டர் காப்பாற்றினார் என்றுதான் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு டார்ச் அடிக்க ஒருவர் வராமல், நான்கு மணிக்கு வந்திருந்தால்? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. பிளஸ் டூ முடித்ததும் விண்ணப்பித்தேன்.

"ஆம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்டவர்களை எண்ணி மாளாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி செவிலியர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்கள். கேட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் கமிலஸ் என்ற பாதிரியார் தொடங்கிய துறவற சபையில் நோயாளிகளைப் பராமரித்தவர்கள் ஆண்கள்தான் என்பதைச் சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவேன். வார்டிலோ என்னைப் பார்த்தால் "டாக்டர்" என்கிறார்கள். எனக்கு உத்தரவு போடும் பெண் மருத்துவரை "சிஸ்டர்" என்கிறார்கள். இருவரும் திருத்திக் களைத்துவிட்டோம்.

மாதச் சம்பளம்:

எனக்குக் கதை இல்லை. படித்து முடித்தால் வேலை நிச்சயம் என்றார்கள், சேர்ந்தேன்.

2018 நிலவரப்படி உலகத்தில் 59 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்று நீங்கள் சொன்ன அதே அறிக்கை சொல்கிறது, பிரதர். அன்றைக்கு எனக்கு அந்தப் புள்ளிவிவரம் எல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா படிப்பு முடித்த மாதமே வேலையில் சேர்ந்தார், அவர் தம்பியின் பள்ளிக் கட்டணத்தை அவரே கட்டினார். நான் பார்த்த புள்ளிவிவரம் அதுதான். பொறியியல் படித்தவனிடம் போய் உன் உள்ளத்து அழைப்பு என்ன என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? சம்பளத்துக்கு வந்தவள் ஊசி மருந்தைச் சரிபார்க்காமல் போட்டுவிடுவாளா? சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

ஆண்டுதோறும் செவிலியர் தினமான மே 12 அன்று நைட்டிங்கேல் படத்துக்குப் பக்கத்தில் எங்களை விளக்கோடு நிற்க வைக்கிறார்கள். அந்த அம்மையார் மரணக் கணக்குகளை வரைபடமாக்கி அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவர். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, அதில் முதல் பெண் அவர்தான். ஒரு ஆண்டாவது எங்கள் கையில் விளக்குக்குப் பதில் கால்குலேட்டரைக் கொடுக்கலாம்.

பழைய கணக்கர்:

கால்குலேட்டர் என்றதும் எழுத வந்துவிட்டேன். 34 வயது வரை கணக்கராக இருந்தேன்.

அப்பா கடைசிப் பதினோரு நாட்கள் வலிநிவாரணப் பிரிவில் இருந்தார். அங்கே வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதில்லை. மணிக்கணக்கு வைத்து, வலி தலைதூக்கும் முன்பே கொடுத்துவிடுகிறார்கள். அந்த முறையை வலியுறுத்தி நிலைநாட்டிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக இருந்தவர், முதுகுவலியால் அந்த வேலையை விட்டவர், பிறகு மருத்துவம் படித்து 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தவர். இதெல்லாம் பின்னால் படித்தது. அப்போது என் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம்.

அப்பாவுக்கு நினைவு தப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. வாய் திறந்தபடியே மூச்சு விட்டதில் உதடு வெடித்து, நாக்கு மரப்பட்டைபோல் காய்ந்திருந்தது. செவிலியர் குனிந்து, "ஐயா, வாயை ஈரப்படுத்தப் போகிறேன். கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும்" என்றார். ஈரப் பஞ்சைப் பிழிந்து, சொட்டாதபடி, முதலில் உதட்டோரம், பிறகு கன்னத்தின் உட்புறம், கடைசியில் நாக்கு. சொட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. முடித்துவிட்டு, "ஆயிற்று ஐயா" என்றார்.

பதில் வராது என்று தெரிந்தே ஒருவரிடம் அனுமதி கேட்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. இரவுப்பணி அக்கா கைத்திறன் வேறு, இரக்கம் வேறு என்று பிரிக்கிறார். அந்தப் பஞ்சைப் பிழிந்ததில் எது எங்கே முடிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் 18 வயது, எனக்கு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முதல் நாள் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். பழைய தொழிலின் எச்சம் ஒன்று மட்டும் போகவில்லை: நோயாளிக்கு உள்ளே போன திரவமும் வெளியே வந்த சிறுநீரும் சார்ட்டில் நேராகவில்லை என்றால் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக மாட்டேன். 200 மில்லி இடிக்கிறது என்று தேடிப் போய் அடைத்திருந்த குழாயைக் கண்டுபிடித்த நாளும் உண்டு.

விட்டுவந்தவள்:

நான் இதில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மா செவிலியர். பள்ளி விட்டதும் அவர் வார்டுக்குப் போய், செவிலியர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். யாராவது முனகினால் அம்மாவின் தலை எனக்கு முன்பே திரும்பியிருக்கும். எந்தக் கட்டிலிலிருந்து வந்த சத்தம், வலியா, தாகமா என்பது பார்க்காமலே தெரியும் அவருக்கு. அந்தக் காது எனக்கும் வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். வந்தது.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் இரவில் 38 நோயாளிகளுக்கு இரண்டு பேர். நீங்கள் எழுதிய அந்த விரிப்பு, 30 டிகிரி, குதிகால் எல்லாம் எனக்கும் அத்துப்படி. ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மற்றவர் மட்டும் என்ன செய்வது? நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருநாள் அப்படித் திருப்பியபோது ஒரு அம்மாவின் முதுகில் அந்த வெளுக்காத சிவப்பைப் பார்த்தேன். சார்ட்டில் என் கையெழுத்து அழகாக இருந்தது. மறுமாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் இன்னும் காரணத்தைச் சொல்லவில்லை. முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன்.

இரவுப்பணி:

எழுதலாமா என்று கேட்டீர்களே, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அந்தக் கையெழுத்து என்னிடமும் உண்டு. உங்களைப்போல் விட்டுவரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டியைத் திருப்பிய அந்தச் செவிலியர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாளாக அதைக் கல்நெஞ்சம் என்றே வைத்திருந்தேன். அன்று அவருக்கு எங்கள் வீடு எத்தனையாவது வீடு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமே கேட்கவில்லை. இருக்கச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்ததாக நினைவில்லை.

பழைய கணக்கருக்குப் பதில் சொல்ல வேண்டும், நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு என் வார்டில் தானாகத் திரும்ப முடியாதவர்கள் ஏழு பேர், கூட இருப்பவள் புதிதாகச் சேர்ந்தவள். ஒன்பது மணிக்கு முதல் சுற்று. விரிப்பை எப்படிச் சுருட்டிப் பிடிப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.