அப்பாவை இவ்வளவு சுலபமாகத் தப்பவிடலாமா? (முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படிக்க வேண்டாம்)

ஆழ்கடல்:
இந்த மாதம் எடுத்த நாவலை முடித்தாச்சு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கியில் ரேடியோக்காரராக இருந்த அப்பா இறந்தபின், மகன் அந்தக் கப்பலின் போர்க் குறிப்பேட்டைத் தேடிப் போகிறான். தெப்பத்தில் தத்தளித்தவர்களை அப்பாவின் கப்பல்காரர்கள் சுட்டார்களா? அதுதான் கேள்வி. கடைசி அத்தியாயத்தில் 'சுட்டது வேறு கப்பல்' என்று முடித்துவிட்டார்கள். அப்பா மேல் தூசு படவில்லை. சப்பென்று ஆகிவிட்டது.

வலம்புரி:
ஏன், அந்த அப்பா நல்லவராக இருக்கவே கூடாதா? 1942 செப்டம்பரில் லக்கோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யூ-156இன் காப்டன் ஹார்ட்டன்ஸ்டைன், தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டார், படகுகளைக் கட்டி இழுத்தார். செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தும் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. அதற்குப் பிறகுதான் 'காப்பாற்றப் போகாதே' என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவிட்டார்.

ஆழ்கடல்:
சரி, 1944 மார்ச்சையும் பாருங்கள். பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை யூ-852 மூழ்கடித்தது. மிதக்கும் சிதறல்கள் தன்னை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்த காப்டன் எக், தெப்பங்களைச் சுடச் சொன்னார். சுட்டவர்களில் கப்பல் டாக்டரும் உண்டு! முதலில் ஆட்சேபித்த இன்ஜினியர் லென்ஸும் பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்தார். எக், டாக்டர், இன்னொரு அதிகாரி மூவருக்கும் மரண தண்டனை, லென்ஸுக்கு ஆயுள். நாவலுக்கு வேண்டிய அப்பா இந்த லென்ஸ் மாதிரி ஆள். மறுத்தவரும் அவரே, சுட்டவரும் அவரே.

திசைகாட்டி:
என் வருத்தம் வேறு. குறிப்பேட்டில் காப்டன் எழுதுவது இருக்கும் இடம், வானிலை, டார்ப்பிடோ கணக்கு. ரேடியோக்காரர் மனசு அதில் எப்படி வரும்? மகன் நாலு வரி படித்துவிட்டு அப்பாவைப் புரிந்துகொள்வதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் நீரடி ஒலிவாங்கிக் காட்சி பிரமாதம். நீருக்கடியில் இருக்கும்போது அந்த ஒலிவாங்கியின் காதுக்கருவியில் வெளிச் சத்தங்களைக் கேட்பதும் ரேடியோக்காரர் வேலைதான். அடிபட்ட கப்பல் உடைந்து கீழே போகும் சத்தம் மற்றவர்களைவிட அவருக்குத் துல்லியமாகக் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் யாராவது கரண்டியால் தட்டைத் தட்டினால் அப்பா எழுந்து போய்விடுவார் என்று ஆரம்பத்திலேயே வருகிறதே, அதற்குக் காரணம் அங்கேதான் தெரிகிறது.

வலம்புரி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! துப்பாக்கியைத் தொடாதவரே ஆயுசு முழுக்கத் தவித்திருக்கிறார். அப்புறம் 'தூசு படவில்லை' என்று எப்படிச் சொல்வது?

ஆழ்கடல்:
தவித்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வேறு கப்பல்' என்று தெரிந்ததும் மகன் விடும் நிம்மதிப் பெருமூச்சு இருக்கிறதே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அந்தக் காதுக்கருவியில் அப்பா கேட்டது என்ன சங்கீதக் கச்சேரியா?