புகை வராத வீடு: ஓவேர்ஞ் மலைக்கிராமத்தில் ஒரு பனிக்கால கிறிஸ்துமஸ்

பிரான்ஸில் கிராமப்பக்கம் குடிபோனால் குழந்தைகளை வைத்துக்கொண்டு பனியைச் சமாளிக்க முடியுமா, கிறிஸ்துமஸ் நேரத்தில் யாருமில்லாமல் தனியாகக் கிடக்க வேண்டியிருக்குமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருச்சி. கணவருக்கு கிளேர்மோன்-ஃபெரானில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதால் நகரத்துக்குள் வீடு எடுக்காமல், ஒரு மணி நேரத் தொலைவில், நடு பிரான்ஸின் ஓவேர்ஞ் மலைப்பகுதியில், பெஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் வாடகைக்கு வந்தோம். பழைய எரிமலைகள் வரிசையாக நிற்கிற பகுதி இது. வீடெல்லாம் கறுப்பு எரிமலைக் கல், பழைய கூரைகளில் ஓட்டுக்குப் பதில் தட்டைக் கற்பாளங்கள். அண்ணாந்து பார்த்தால் 1,886 மீட்டர் உயரத்துக்கு புய் த சான்சி மலை, எங்கள் கிராமமே ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில்தான். பாதி வீடுகள் கோடையில் மட்டும் திறப்பவை, டிசம்பரில் பதினைந்து வீட்டில் விளக்கு எரிந்தால் அதிகம்.

எதிர்வீட்டில் 84 வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். நாங்கள் வந்து பதினான்கு மாதம் ஆகியும் அவருக்கும் எனக்கும் 'போன்ழூர் மதாம்' தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, நம் நிறமோ, தாளிக்கிற வாசனையோ என்றெல்லாம் ராத்திரியில் யோசித்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரம் இருட்டின பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் சீருடையில் இரண்டு தீயணைப்பு வீரர்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, கணவர் வேறு ரோட்டில் இருந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு காலண்டரை நீட்டினார்கள். வருஷக் கடைசியில் தீயணைப்பு வீரர்களும் தபால்காரர்களும் வீடுவீடாகக் காலண்டர் கொண்டுவருவது இங்கே வழக்கமாம். விலை என்று ஒன்று கிடையாது, மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். பத்து யூரோ கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவனித்தேன், அதில் ஒருவர் தினம் எனக்கு ரொட்டி கொடுக்கிற பேக்கரிக்காரர். இந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் தன்னார்வலர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்கிறார்கள். கிராமத்துக்கு வருகிறவர்கள் இந்த வழக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

அதே வாரம் என் ஆறு வயது மகள் பேர் நோயலுக்கு, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு, கடிதம் எழுதினாள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். ஸ்டாம்ப் தேவையில்லை, 'பேர் நோயல்' என்று எழுதிப் பெட்டியில் போட்டாலே போதும். தபால்துறை இதற்கென்று லிபூர்னில் தனி அலுவலகமே வைத்திருக்கிறது. பதில் போடும் இந்த வழக்கத்தை 1962-இல் தொடங்கியபோது முதல் பதில் கடிதத்தின் வாசகத்தை எழுதியவர் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான ஃபிரான்சுவாஸ் தோல்தோ, அப்போதைய தபால்துறை அமைச்சரின் அக்கா. எங்களுக்குப் பதில் வந்த அன்று பனி முழங்கால் வரை கிடந்தது. மஞ்சள் வண்டியைக் கீழே திருப்பத்தில் நிறுத்திவிட்டு, தபால்கார அம்மா அந்த ஒரு கடிதத்துக்காக மேட்டில் ஏறி நடந்து வந்தார். பெட்டியில் போடாமல், மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பனி 18-ஆம் தேதி தொடங்கியது. முதலில் பொடியாக, அழகாகத்தான் இருந்தது. 21-ஆம் தேதி குளிர் சற்றுக் குறைந்து ஈரப்பனியாக மாறியது, அதுதான் ஆபத்து. ஈரப்பனிக்குக் கனம் அதிகம், கம்பியில் ஒட்டிக்கொண்டு கயிறு மாதிரி தடிக்கும், மரக்கிளைகளை முறித்து மின்கம்பி மேலே போடும். அன்றைக்கு சாயங்காலம் நான் ஒரு தப்பு செய்தேன். வாசல் படியில் இருந்த உறைபனியைக் கரைக்க ஒரு வாளி வெந்நீர் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீரே கண்ணாடியாக உறைந்துவிட்டது. பையன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. தயவுசெய்து யாரும் வெந்நீர் ஊற்றாதீர்கள்.

ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஹீட்டர் எல்லாமே கரண்டில்தான். ஹாலில் ஒரு இரும்பு விறகடுப்பு உண்டு, பண்டிகைக்கு எரித்தால் நன்றாயிருக்கும் என்று நவம்பரில் ஒருவரிடம் சல்லிசாக விறகு வாங்கிப் போட்டிருந்தோம். காலை ஏழு மணியிலிருந்து கணவர் அதை மூட்டப் பார்க்கிறார், பற்றவே இல்லை. கட்டையின் இரண்டு முனையிலும் நுரை கொப்பளித்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதே தவிர, நெருப்பு நிற்கவில்லை. வீட்டுக்குள் 11 டிகிரி. நால்வரும் ஒரே கட்டிலில், மேலே மூன்று போர்வை.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். எதிர்வீட்டு அம்மா, கையில் ஒரு தகர வாளி. அவர் வாசலிலிருந்து எங்கள் வாசல் வரை வெள்ளைப் பனியின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. தன் அடுப்புச் சாம்பலைத் தூவித் தூவி, வழுக்காத பாதை போட்டுக்கொண்டே தெருவைத் தாண்டி வந்திருக்கிறார், எங்கள் படியிலும் போட்டிருந்தார். உள்ளே வந்ததும் அவர் சொன்னது: "கரண்ட் போய் பத்து மணி நேரம் ஆச்சு. உங்கள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லையே."

குளிர்காலத்தில் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து கண்ணுக்குத் தெரிகிற வீடுகளின் புகையைப் பார்ப்பாராம். புகை வர வேண்டிய வீட்டில் ஒன்பது வரைக்கும் வராவிட்டால் போய்த் தட்டுவாராம். அவருடைய அம்மாவும் அப்படித்தான் செய்தாராம். நான் வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்த பதினான்கு மாதமும் இந்த அம்மா எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் அதைக் கவனிக்காதது மாதிரி விறகுக் குவியலுக்குப் போய்விட்டார்.

இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். 'தொப்' என்றது. வெட்டி ஒரு வருஷம்கூட ஆகாத ஈர விறகு. அப்புறம் கணவரைத் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒரு தள்ளுவண்டி நிறைய பீச் (beech) என்கிற காட்டு மரத்துக் கட்டை கொடுத்தனுப்பினார், மூன்று வருஷம் காய்ந்தது. அதைத் தட்டினால் 'டங்' என்று மணி மாதிரி கேட்கிறது. கட்டையின் முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்கும். விறகு வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள், குறைந்தது இரண்டு வருஷம் காய்ந்ததா என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை புகைபோக்கியைச் சுத்தம் செய்து சான்றிதழ் வாங்கி வைப்பதும் அவசியம், இன்ஷூரன்ஸ்காரர் கேட்பார்.

மத்தியானம் பேக்கரிக்காரர் சீருடையில் வந்தார். வயதானவர்கள், குழந்தைகள் இருக்கிற வீடுகளாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பையன் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டார், நல்லவேளை எலும்பு முறியவில்லை.

கரண்ட் வர மறுநாள் விடிகாலை ஆனது. அதுவரை அடுப்பின் மேல்தட்டில்தான் சமையல். துவரம்பருப்பு தீர்ந்திருந்தது, பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பேல் போனால்தான் அடுத்தது. பக்கத்து மாவட்டத்து லெ புய் ஊரின் பச்சைப் பருப்பு (நம் பாசிப்பருப்பு இல்லை, மைசூர்ப் பருப்பு இனம்) எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். ஊறவைக்க வேண்டாம், அரை மணியில் வேகும், ஆனால் எவ்வளவு வெந்தாலும் குழையாது. அதைப் போட்டு, புளி கரைத்து, அம்மா அனுப்பின சாம்பார் பொடியோடு ஒரு சாம்பார் வைத்தேன். கறுப்பாக, பருப்பு முழுசு முழுசாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா இரண்டு கிண்ணம் குடித்தார். "எண்பது வருஷமாக இந்தப் பருப்பைச் சாப்பிடுகிறேன், புளிப்பு இதற்கு இவ்வளவு பொருந்தும் என்று தெரியாது" என்றார். என் பிள்ளைகள் அன்றிலிருந்து அவரை 'மமீ' என்கிறார்கள், பாட்டி என்று அர்த்தம்.

24-ஆம் தேதி அவரைப் பூசைக்குக் கூட்டிப்போனோம். நள்ளிரவுப் பூசை என்பது இங்கே பெரும்பாலும் பழைய கதை. பாதிரியார்கள் குறைவு, ஒருவரே பல கிராமத்துக் கோயில்களைப் பார்க்கிறார், அதனால் ஒவ்வொரு வருஷமும் ஊர் மாறும், அந்த வருஷம் பக்கத்து ஊரில் மாலை ஆறரைக்கு. வண்டியில் பனிக்கால டயர் இருந்ததால் போக முடிந்தது. 2021 முதல் இந்த மாதிரி மலைப்பகுதிகளில் நவம்பர் 1 தொடங்கி மார்ச் 31 வரை அந்த டயரோ சங்கிலியோ கட்டாயம். கோயிலுக்குள் ஹீட்டர் இல்லை. பாடும்போது எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. நான் தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள், அன்றைக்கு அந்தக் குடில் முன்னாலும் மனசாரக் கும்பிட்டேன். திரும்பி வந்ததும் மமீ ஒரு 'போம்ப்' கொண்டுவந்தார், ஆப்பிள் வைத்து மூடிச் சுட்ட பெரிய பலகாரம், ஓவேர்ஞ் பக்கத்து கிறிஸ்துமஸ் இனிப்பு. மேல் மாவில் கத்தி நுனியால் நான்கு கீறல் போட்டிருந்தார், எங்கள் வீட்டில் நான்கு பேர் என்று.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் இருப்பது தென்கிழக்கு பிரான்ஸில், ஃபோர்கால்கியே பக்கம், மேல் ப்ரோவான்ஸ். மனைவி இந்த ஊர்க்காரர். பனி உங்கள் அளவுக்கு இல்லை, வந்தாலும் நாலைந்து நாளில் போய்விடும்.

இங்கே டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று, மூன்று சின்னத் தட்டுகளில் பஞ்சு வைத்து, நனைத்து, கோதுமை விதைப்பார்கள். 24-ஆம் தேதிக்குள் விரலளவு பச்சையாக எழும்பிவிடும். நன்றாக முளைத்தால் வரும் வருஷம் விளைச்சல் நன்றாயிருக்கும் என்று நம்பிக்கை. எங்கள் அம்மா மதுரைப் பக்கத்திலிருந்து முதல் தடவை வந்திருந்த டிசம்பரில் அதைப் பார்த்துவிட்டு "இது முளைப்பாரிடா!" என்று கத்தினார். முளைப்பாரி இருட்டில்தானே வளர்க்க வேண்டும் என்று தட்டுகளை ஸ்டோர் ரூமுக்குள் வைத்தார், மாமியார் திரும்ப ஜன்னலுக்குக் கொண்டுவந்தார், இப்படி மூன்று நாள் நடந்தது. கடைசியில் ஒரு தட்டு இருட்டில், இரண்டு வெளிச்சத்தில் என்று ஒப்பந்தம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனால் காலையில் தண்ணீர் தெளிக்க இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவார்கள்.

24 ராத்திரிச் சாப்பாட்டில் இங்கே சம்பிரதாயப்படி இறைச்சி கிடையாது, மீனும் காய்கறியும்தான், அதனால் சைவமான அம்மாவும் கீரைத்தண்டு, காலிஃபிளவர் என்று உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. மேஜையில் மூன்று வெள்ளை விரிப்பு, மூன்று மெழுகுவர்த்தி, நடுவில் அந்த முளைகள், இருட்டில் வளர்ந்தது மட்டும் மஞ்சளாக. யாராவது ஏழை வந்து தட்டினால் என்று ஒரு தட்டு காலியாக வைப்பார்கள். பின்பு பதின்மூன்று இனிப்பு: அத்தி, பாதாம், திராட்சை, வெள்ளை நுகா மிட்டாய், கறுப்பு நுகா மிட்டாய் என்று போகும். ஆலிவ் எண்ணெய் ரொட்டியைக் கத்தியால் வெட்டக்கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். அம்மா ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாமியார் இன்றும் ஒரு தட்டை ஸ்டோர் ரூமில் வைக்கிறார்.

* * *

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், பிரான்ஸ் வந்து 28 வருசம், முதல் பாரிஸ், இப்ப சுவிஸ் எல்லைக்குக் கிட்ட பொந்தார்லியே பக்கம். எங்கட இடத்துக் குளிர் சரியான குளிர். பக்கத்தில மூத் என்ற ஊரை 'சின்ன சைபீரியா' என்று சொல்லுவார்கள், 1968 ஜனவரி 13-இல் மைனஸ் 36.7 டிகிரி பதிவான இடம்.

இங்கே வந்த முதல் வருசம், 24-ஆம் திகதி பின்னேரம் பிள்ளைகளோடு வெளிக்கிட்டு வரும்போது கார் வழுக்கி றோட்டோரக் கானுக்குள் (வாய்க்காலுக்குள்) இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அரை மணித்தியாலம் கழித்து ஒரு பால்பண்ணைக்காரர் ட்ராக்டரில் வந்தார், சங்கிலி போட்டு இழுத்து எடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. பிள்ளைகள் நடுங்குகிறதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பண்டிகை இரவு, அவர் குடும்பம் முழுக்க மேசையில் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்காமல் நாலு கதிரை கூட்டிப் போட்டார்கள். மோன் தோர் சீஸை அதன் மரப்பெட்டியோடு ஓவனில் வைத்து, நடுவில் உள்ளியும் வெள்ளை வைனும் விட்டு, உருகினதை அவித்த உருளைக்கிழங்கில் ஊற்றித் தந்தார்கள். வெளிக்கிடும்போது அவர் சொன்ன புத்திமதி: காருக்குள் சவள் (பனி அள்ளும் மண்வெட்டி), கம்பளி, டோர்ச் இல்லாமல் நவம்பருக்குப் பிறகு ஓடாதே. அன்று தொடக்கம் ஒவ்வொரு 24-ஆம் திகதியும் மனிசி மட்டன் றோல்ஸ் நாற்பது போடுவா, நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். போன வருசம் கொஞ்சம் சுணங்கிவிட்டது, அவரே போன் எடுத்து றோட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

* * *

அண்ணா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. முளைப்பாரி விஷயத்தை மமீயிடம் சொன்னேன். இந்தப் பக்கம் அந்த வழக்கம் இல்லையாம், ஆனால் இந்த வருஷம் 4-ஆம் தேதி போட்டுப் பார்க்கலாம் என்கிறார், கோதுமைக்குப் பதில் அவருடைய பச்சைப் பருப்பில். றோல்ஸ் செய்முறையை அண்ணியிடம் கேட்டு இங்கே போடுங்கள். பேக்கரிக்காரர் காலண்டர் கொண்டுவரும்போது அவருக்குக் கொடுக்க வேண்டும்.